நெடிலா, குறிலா

ஆடி பாதியில் மாங்கூழ் டின்களுக்கு
லேபிள் கேட்டு வருவது நின்றுவிடும்.
மஞ்சள் மை மிஞ்சும்.
அப்புறம் வருவதெல்லாம் சத்து.
சத்துமாவு, முருங்கை மாத்திரை, சுருள்பாசி, புரதப் பவுடர்.
கிருஷ்ணகிரி இத்தனை நாள் சத்தில்லாமலா கிடந்தது
என்பான் மெஷின்மேன் நாகோஜி.

திம்மராயன் வந்தது அப்படி ஓர் ஆவணியில்.
கேழ்வரகு, சாமை, கூடவே இரும்புச் சத்து.
அரைக் கிலோ டப்பா, ஐயாயிரம் லேபிள்.
செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:
"மூலையில கோதுமைக் கதிர் ஒண்ணு,
குறுக்கே ஒரு கோடு.
பெங்களூர்ல அது இருந்தாத்தான் எடுக்கறாங்க."

கதிரை நான்தான் வரைந்தேன்.
பதினோரு மணிகள், மீசை சற்றுத் தூக்கல்.
கோடு போட மனசு வரவில்லை,
அவ்வளவு நன்றாக வந்திருந்தது.
கீழே: குளூட்டன் இல்லாதது.
பிழை பார்த்தேன்.
ளூ நெடிலா குறிலா என்று
அரை மணி நேரம் யோசித்தேன்.
'இல்லாதது' பற்றி யோசிக்கவில்லை.

லேபிளின் அடியில் எறும்பெழுத்தில்
அச்சகத்தின் பெயர் போடுவேன், சின்ன கர்வம்.
அதைப் படித்த முதல் ஆள்
தை மாதம் டப்பாவோடு வந்தார்.
காவேரிப்பட்டணத்தில் கணக்கு டீச்சர், நஸ்ரின்.
"கம்பெனி போனை யாரும் எடுக்கலை.
உங்க பேர் இருந்தது."

மகளுக்கு ஒன்பது வயது. கோதுமை ஆகாது.
ஆகாதென்றால் அரிப்பு, தடிப்பு இல்லை.
குடலின் உட்சுவர் தேய்ந்து மழுங்கிவிடும்,
தின்ற இரும்பு உடம்பில் ஒட்டாது.
ஒட்டாத இரும்புக்காகத்தான் இந்தப் பவுடர்.
"ஆரம்பிச்சு மூணாவது வாரம், திரும்ப வயிறு."
குரல் உயரவில்லை.
"இதை யார் சோதிச்சாங்க?"

ப்ரூஃபை எடுத்துக் காட்டினேன்.
ஓரத்தில் திம்மராயன் கையெழுத்து, ஓகே.
வழி எழுதாமல் விடை மட்டும் எழுதிய
கணக்கைப் பார்ப்பதுபோல்
அதை வெகுநேரம் பார்த்தார்.

பர்கூர் சாலையில் அந்த அரவை மில்.
காலையில் கோதுமை, மதியம் கேழ்வரகு,
நடுவே ஒரு துடைப்பம்.
"பெருக்கிட்டுத்தானே போடறோம்?"

என் காசில் பெங்களூர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன்.
இரண்டு கல்யாணப் பத்திரிகை லாபம் போயிற்று.
கிலோவுக்கு இருபது மில்லிகிராமுக்குள் இருந்தால்
'இல்லாதது' என்று எழுதலாமாம்.
எங்கள் டப்பாவில் நூற்று நாற்பத்தாறு.
இல்லாததற்கும் ஓர் அளவு உண்டென்று
அன்றைக்குத்தான் தெரியும்.

திம்மராயன் கெட்டவர் இல்லை, டீ வரவழைத்தார்.
"கதிரை எடுத்துட்டா அந்த இடத்துல என்ன போடறது?"
தயாராகத்தான் கொண்டுபோயிருந்தேன், பத்து பாயிண்டில்:
இதே இயந்திரத்தில் கோதுமையும் அரைக்கப்படுகிறது.
"இதைப் படிச்சா யார் வாங்குவா?"
"வாங்கக் கூடாதவங்க வாங்க மாட்டாங்க."
சிரித்தார். டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

டீச்சருக்கு அறிக்கையைக் கொடுத்தபோது
அவர் கேட்டது வேறு:
"இந்தக் கதிரை வேற எதுக்கெல்லாம் போட்டீங்க?"
ஏழு. பெயர்களை எழுதிக் கொடுத்தேன்.
ஏழில் ஒன்றையும் யாரும் சோதிக்கவில்லை.
ஏழில் ஒன்றிலும் எழுத்துப் பிழை இல்லை.

திம்மராயன் இப்போது ஓசூரில் அச்சடிக்கிறார்.
போன வாரம் ரவுண்டானா பக்கத்து மருந்துக் கடையில்
புது டப்பா பார்த்தேன்.
என் கதிரேதான். அதே பதினோரு மணி,
அதே தூக்கிய மீசை. ஸ்கேன் செய்திருக்கிறார்கள்.
மஞ்சள் என்னுடையதைவிடச் சுத்தம்.
அடியில் அச்சகத்தின் பெயர் இல்லை.
குறில் போட்டிருந்தார்கள்.