பன்னிரண்டு வோல்ட்

மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்கு எதிர்க் கடையில்
மூன்று சார்ஜர்களைக் கண்ணாடி மேல் வைத்தான் நிரோஜன்.
மூவாயிரத்து இருநூறு, ஆயிரத்து நூறு, நானூற்றைம்பது.
"கடைசி ஒண்டு, மூண்டு மாசம் நிண்டா
உங்கட அதிர்ஷ்டம் அண்ணே" என்றும் சொன்னான்.
அவனில் பிழையில்லை.
எடுத்துப் பார்த்தேன். நல்ல கனம்,
விலை கூடியதைவிடக் கனம்.
லீசிங்காரனுக்கு இரண்டு தவணை நிற்கிற மாதம்
கனத்தைத்தான் தரமென்று கை நம்பியது.

களுவாஞ்சிகுடியில் ஒருத்தி ஏறினாள்,
ஆரையம்பதியில் ஒருத்தி, கல்லடியில் இரண்டு பேர்.
எல்லாருக்கும் காலையில் விமானம், எல்லாருக்கும் குவைத்,
எல்லாருடைய போனிலும் சார்ஜ் இல்லை.
போகிற நாளில் யார் போனைக் கீழே வைப்பார்கள்?

செங்கலடி தாண்டமுன் ரேடியோ கெட்டது.
சார்ஜரைச் செருகினால் இரைச்சல்,
கழற்றினால் பாட்டு.
அதையும் நான் பெரிதாக எடுக்கவில்லை.
பிறகு என் போன் தானே நடக்கத் தொடங்கியது.
விரல் படாமல் திரை உருண்டது,
பெயர்கள் மேலும் கீழும் ஓடின,
கிரான் சந்தியில் அது ஒருவனைத் தெரிந்தெடுத்து அழைத்தது:
வட்டிக்கு விடுகிற லோகிதன்.
இரவு பதினொன்றே கால்.
"என்ன, காசு ரெடியா?"
முழு வேனுக்கும் கேட்டது அவன் நித்திரைக் குரல்.
பின்சீட்டில் ஒருத்தி சிரித்தாள். மறுகா எல்லாரும்.
நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

ஓட்டமாவடிப் பாலத்தில்
"உங்கட போன் பேயாடுது, என்டயப் போடுங்க" என்று
தன் போனை நீட்டினாள் களுவாஞ்சிகுடிக்காரி, சுகிர்தமலர்.
ஒன்பது வீதம்.
அதற்குள்ளே டிக்கெட், ஏஜென்சி நம்பர்,
இரண்டு முன்பல் மட்டும் முளைத்த மகன்.
"கவனமாப் போடுங்க அண்ணே."
கவனமாகத்தான் போட்டேன்.

புணானை. இருபக்கமும் காடு.
முதலில் மணம் வந்தது,
பிளாஸ்டிக் வாளியை அடுப்பில் ஏற்றினாற்போல்.
யானைக்குப் பயந்து எவரும் நிறுத்தாத இடத்தில்
நிறுத்தினேன்.
பிடித்த விரலில் தோல் ஒட்டியது.
கல்லடிக்காரி துவாயால் சுற்றி இழுக்க
உடம்பு வந்தது, மூக்கும் ஸ்பிரிங்கும்
சொக்கெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டன.
வண்டியின் பியூஸ் ஏன் போகவில்லை என்று
அவள் கேட்டாள். நான் பேசவில்லை.
போன வருஷம் பியூஸ் இருந்த இடத்தில்
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச்
சுற்றி வைத்தவன் நான்தான்.

ஹெட்லைட் வெளிச்சத்தில் கத்தியால் பிளந்தோம்.
நகமளவு பச்சைப் பலகை,
காப்பு இருக்க வேண்டிய இடத்தில் நேரே ஒரு கம்பி,
கருகிய ஒரு புள்ளி.
அடியில் பசை தடவி ஒட்டிய இரும்பு நட்.
எந்தக் கம்பியும் அதற்குப் போகவில்லை,
அதிலிருந்தும் எதுவும் வரவில்லை.
சும்மா, கனத்துக்கு.

சுகிர்தமலர் அதை உள்ளங்கையில் வைத்து நிறுத்தாள்.
"ஏஜென்சிக்காரரும் கனமாத்தான் கதைச்சவர்" என்றாள்.
இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

அவள் போன் விழிக்கவேயில்லை.
புருஷன் நம்பர் மனதில் இல்லை;
கடைசி இரண்டு இலக்கம்
நாற்பத்தாறோ அறுபத்துநாலோ.
அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது.
லோகிதன்.
"எடுத்துப்போட்டு ஏன்டா கதைக்காமல் வைக்கிறாய்?"
நான் வாய் திறக்கமுன் பறித்தாள்:
"லோகிதன் அண்ணே, நான் சுகிர்தா கதைக்கிறன்.
உங்கட கொப்பியில என்ட வீட்டுக்காரர்ர நம்பர் கிடக்கும்,
ஒருக்காச் சொல்லுங்க."

தாள் புரளும் ஓசை, காட்டுக்குள் வரை கேட்டது.
அவன் முதலில் அவள் தரவேண்டிய தொகையை வாசித்தான்.
பிறகு நம்பரை.
ஆரையம்பதிக்காரி கண்மைப் பென்சிலால்
அவள் மணிக்கட்டின் உட்புறத்தில் எழுதினாள்.
அறுபத்துநாலு.

ரேடியோ துல்லியமாகப் பாடியது.
யாரும் சத்தத்தைக் கூட்டச் சொல்லவில்லை.
அவள் கையை மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள்,
வியர்வை படாமல்.
டாஷ்போர்டுத் தட்டில் அந்த நட்
ஒவ்வொரு வளைவிலும் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும்
உருண்டுகொண்டே வந்தது.