இரண்டு லிட்டர் இரைச்சல்

மூன்று வருடச் சீட்டுப் பணத்தில்
கூரைமேல் சூரியத் தகடு வைத்தோம்.
பொருத்த வந்த பையன் ஏணியிலிருந்து இறங்கி,
"இனி சத்தமே இருக்காதும்மா" என்றான்,
வரம் கொடுப்பவனைப் போல.

இன்று ஐந்தாம் இரவு.
டகோகோ தூங்கவில்லை.

கடலுக்குள் நிற்கும் எண்ணெய் மேடையில்
பதினெட்டு வருட வேலை அவருக்கு.
பதினான்கு நாள் அங்கே, பதினான்கு நாள் இங்கே.
அங்கே தூக்கம் என்பது
இரும்புக் கட்டில் வழியே முதுகுத்தண்டில் ஏறும்
டர்பைனின் உறுமல்.
அது நின்றால் அறுபது பேரும்
எழுந்து உட்கார்ந்துவிடுவார்களாம்,
ஆட்டும் கை நின்ற தொட்டில் பிள்ளைகளாக.

இங்கே, சன்னலுக்கு வெளியே
எங்கள் சின்ன ஜெனரேட்டர் இருந்தது.
போர்ட் ஹார்கோர்ட்டில் அந்த ரகத்துக்குப் பட்டப்பெயர்
"பக்கத்து வீட்டானைவிட நான் ஒரு படி மேல்."
இருட்டினால் டியோபு தெருவில்
எல்லாரும் எல்லாரையும்விட ஒரு படி மேல்.
காலையில் மூக்கைச் சிந்தினால் கரி.
அதை நான் திட்டாத நாளில்லை.
போன வாரம் போலே சுட்டு விற்கிறவளிடம்
பேரம்கூடப் பேசாமல் தள்ளிவிட்டேன்.

இப்போது என்னவெல்லாம் கேட்கிறது!
தகரம் சூடு ஆறிச் சுருங்குவது.
சாக்கடைத் தவளை.
கொசுவலைக்குள் எப்படியோ புகுந்த ஒன்று.
அவர் எச்சில் விழுங்குவது.
நான் தூங்குவதாக நடிப்பது
(அதற்கும் ஒரு சத்தம் உண்டு, நேற்றுதான் தெரிந்தது).

இருபது வருடம்
கத்தித்தான் பேசிக்கொண்டோம்:
கதவைப் பூட்டியாச்சா, பெட்ரோல் இருக்கா, உப்பு போதுமா.
இனி மெதுவாகப் பேசலாம்.
மெதுவாகப் பேசவேண்டியதை
எங்கிருந்து தொடங்குவது என்று
இருவருக்கும் தெரியவில்லை.

லாகோஸிலிருந்து மகன்
ஃபோனுக்கு ஏதோ செயலி அனுப்பினான்.
மழையைப் போட்டோம்;
கொடியில் கிடந்த துணிகளை எடுக்க
நான் எழுந்து ஓடினேன்.
அலையைப் போட்டோம்.
"நிறுத்து இபினாபோ,
வேலைக்குக் கூப்பிடுகிறது" என்றார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஓபுயெனேயின் ஜெனரேட்டர்.
ஒன்பது வருடச் சண்டை.
வீட்டுக்காரர் வரைக்கும் போனேன்,
புகைபோக்கியைத் திருப்பி வைக்கச் சொல்லி.
ஒருமுறை கீரைத் தண்ணீரைக்கூட மதிலுக்கு மேல் வீசினேன்.
அது பத்து மணிக்குத் தொடங்கும்,
பன்னிரண்டரைக்குத் தொண்டை கட்டும்,
இருமும், நிற்கும்.
அந்த இரண்டரை மணி நேரம்தான்
டகோகோ கண் மூடுவது.

வெட்கத்தை விட்டேன்.
பனை எண்ணெய்க் குடுவையைக் கழுவி,
இரண்டு லிட்டர் பெட்ரோல் வாங்கி,
பன்னிரண்டுக்கு மதிலைச் சுற்றிப் போனேன்.
வழியெல்லாம் வாய்க்குள் ஒத்திகை:
அண்ணே, ஒன்பது வருடம் திட்டியது நான்தான்,
இப்போது கெஞ்சுவதும் நான்தான்.

வீடு இருட்டாக இருந்தது.
விளக்கில்லை. விசிறி சுழலவில்லை.
ஜெனரேட்டர் மட்டும் தன் கல்லின்மேல் அதிர்ந்துகொண்டிருந்தது.
அதன் ஒயர்
வட்டமாகச் சுருட்டி
கைப்பிடியில் மாட்டியிருந்தது,
எந்த வீட்டுக்கும் எதையும் கொண்டுபோகாமல்.

அவர் மனைவி போனித் தீவில்
தங்கை வீட்டுக்குப் போய்
இரண்டு மழைக்காலம் ஆயிற்று என்று
தண்ணீர்க் குழாயடியில் யாரோ சொன்னார்கள்.
நான் அப்போது புகையைப் பற்றிப்
புகார் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கம்பிக் கதவுக்கு அப்பால்
பிளாஸ்டிக் நாற்காலியில் ஓபுயெனே.
செருப்பு ஒன்று காலில், ஒன்று தரையில்.
வாய் திறந்து, நல்ல தூக்கம்.

குடுவையைப் படியில் வைத்தேன்.
எழுப்பவில்லை.
ஊற்ற வேண்டுமென்றால் அவர் விழிக்க வேண்டும்;
விழிக்க வேண்டுமென்றால் அது நிற்க வேண்டும்.

நிற்கட்டும்.
மதிலுக்கு இந்தப் பக்கமும் ஒருவர் விழிப்பார்,
நானும் இருப்பேன்,
எரிபொருள் ஊற்றும் அந்த இரண்டு நிமிடம்
மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருப்போம்.