தொடர்பில் இல்லாதவர்கள்: ஒன்பது

நீங்கள் அனுப்பிய அறிக்கையைக்
காரைக்குடி ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன், டாக்டர்.
பக்கம் இரண்டு ரூபாய். இருபத்தெட்டுப் பக்கம்.
என் மகள் காலேஜ் பஸ்ஸில் வாசித்து
ஓரத்தில் தமிழில் எழுதிக்கொண்டு வந்தாள்.
நன்றிப் பட்டியலின் கடைசியில் இருக்கிறேன்,
குமராயி இல்லை, குமாரி.
அது கிடக்கட்டும்.

முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா,
புதுவயல் மில் களத்தில், அவித்த நெல் வாடையில்
"மூச்சுத்திணறல் உண்டா?" என்று கேட்டீர்கள்.
இல்லை, இல்லை, இல்லை என்று
நாற்பது பேர் வரிசையாகச் சொன்னார்கள்.
சுழித்துக்கொண்டே போன தம்பியின் பேனாவை
நான்தான் பிடித்து நிறுத்தினேன்.
எங்களுக்குத் திணறல் என்றால் கண்மாயில் முங்குவது.
இது எளப்பு.
"எளைக்குதா ஆத்தா?" என்றேன்.
பஞ்சவர்ணம் பதில் சொல்லுமுன்
நெஞ்சைத் தடவிக்கொண்டாள்.

மாடிப்படி ஏறினால், என்று இருந்தது உங்கள் தாளில்.
மாடிவீடுகளுக்கு இங்கே குறைச்சல் இல்லை,
பூட்டியிருக்கின்றன.
களத்து நெல்லைக் காலால் ஒரு தரம் கிளறி முடிக்க
எத்தனை தடவை நிற்கிறாய், என்று மாற்றினோம்.
அன்றிரவே அதைத் தட்டச்சு செய்தீர்கள்.
அந்த இரவு உங்களை எனக்குப் பிடித்தது.

ஊது, ஊது, ஊது என்று கத்தினீர்கள்.
வெள்ளையம்மா சிரித்ததில் இரண்டு முறை கெட்டுப்போனது.
பெயர் வேண்டாம், எண் போதும் என்றீர்கள்.
எண்ணுக்குரிய பெயர்கள் இருக்கிற நோட்டு
என்னிடம்தான், ரஸ்க் டின்னில், பூட்டோடு.
வீட்டுக்காரர் கேட்டும் காட்டவில்லை,
மேஸ்திரி கேட்டும்.

பிறகு பதினோரு மாதம்.
ஊதினோமே, என்ன ஆச்சு?
வரும் என்றேன் ரேஷன் கடையில்.
வரும் என்றேன் ஒரு காதுகுத்தில், பந்தியில் வைத்து.
அப்புறம் வேறு தெரு வழியாகப் போகப் பழகினேன்.

இப்போது பக்கம் பதினாறு.
தொடர்பில் இல்லாதவர்கள்: ஒன்பது.
மகள் பென்சிலில் "தொலைந்தவர்கள்" என்று எழுதிக்
கேள்விக்குறி போட்டிருக்கிறாள்.

நோட்டைத் திறந்தேன், டாக்டர்.
பதினேழு திருப்பூரில், பனியன் கம்பெனியில்.
இருபத்திரண்டு மகள் பிரசவத்துக்குக் கல்லல் போனவள்
அங்கேயே தங்கிவிட்டாள்.
முப்பத்தொன்றுக்கு போன் நம்பர்தான் மாறியது,
ஆள் என் எதிர்வீடு.
நான்கு பேரை மேஸ்திரி நிறுத்திவிட்டார்,
"ஊதப் போனீங்கல்ல, போங்க" என்று.
ஐம்பத்தெட்டு என்னோடு பேசுவதில்லை, சீட்டுப் பணத் தகராறு;
உங்களோடு பேசுவாள்.
நாற்பத்தேழு தை மாதம் இறந்துபோனாள்.
பெயர் சொல்லக் கூடாது.
நெஞ்சைத் தடவிக்கொண்டாளே, அவள்.

ஒருத்தியும் தொலையவில்லை.
கேட்டிருந்தால் ஒரு மத்தியானத்தில் சொல்லியிருப்பேன்.
நாங்கள் ஒரு அறிக்கை எழுதினால்
தொடர்பில் இல்லாதவர்கள்: ஐந்து.
உங்கள் குழுவில் அத்தனை பேர்தானே?

ஞாயிறு மில் கிடையாது. வாருங்கள்.
படம் காட்டும் பெட்டி வேண்டாம், வெயிலில் தெரியாது.
அவளவள் கணக்கை அவளவள் காதில் சொல்லுங்கள்.
தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள்,
யாரும் கோபிக்க மாட்டார்கள், அல்லது கோபிப்பார்கள்,
இருந்து கேளுங்கள்.
பதினேழுக்கும் சொல்லிவிட்டேன்.
சனி ராத்திரி திருப்பூரில் பஸ் ஏறுகிறாள்.
பஸ் காசு
உங்கள் கணக்கில்.