ஒற்றை

இசிக்-குல் என்றால் சூடான ஏரி என்று அர்த்தம்.
பொய்.
ஜூலை நடுவிலும் கணுக்காலைக் கவ்வும்.
குளிர்காலத்தில் உறையாது, அவ்வளவுதான்.
பெயர் வைத்தவன் பனியில் ஆடு மேய்த்தவனாக இருப்பான்,
அவனுக்கு அதுவே போதும்.

ஃப்ரூன்ஸேயிலிருந்து இரண்டு கார்கள்:
எங்கள் மாஸ்க்விச், சித்தப்பாவின் புது ஜிகுலி.
பெரியவர்களில் பாதிப் பேர் பேருந்தில்.
பதினொரு பிள்ளைகளும் காருக்குள்.
யார் மடியில் யார் என்று தொடங்கும் சண்டை
மலையிடுக்கின் ஏழாவது வளைவில்
யாரோ ஒருவரின் வாந்தியில் முடியும்.

கரையில் எங்களுக்கு வீடு கிடையாது.
ஆப்ரிகாட் தோப்பு ஒன்றில் ராணுவக் கூடாரம்.
அது அப்பாவுக்கு எப்படிக் கிடைத்தது
என்று கேட்கக் கூடாது.
லாரி டயரின் உள்குழாய்தான் எங்கள் படகு.
அதன் காற்றடிக்கும் மூக்கு
விலாவில் இழுத்த கோடு
செப்டம்பரில் பள்ளிக்கூடம் வரை வரும்.
உலர்ந்ததும் தோள்களில் மெல்லிய உப்பு.
எல்மிரா என் முழங்கையை நக்கிப் பார்த்துவிட்டு
மீனைவிட நீ பரவாயில்லை என்பாள்.

ஜமால் அத்தைக்குக்
கம்பளிக் கொள்முதல் நிலையத்தில் கணக்கு வேலை.
பொழுது சாய்ந்ததும் எங்களை வரிசையில் நிறுத்தி
ஈரத்தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவாள்,
பட்டி அடைக்கும்போது எண்ணுகிறபடி, இரண்டிரண்டாக.
ஐந்து ஜோடி. ஒரு ஒற்றை.

ஒற்றை எப்போதும் நான்.
தண்ணீரைவிட்டு வர மனமில்லாமல்
கடைசியில் வருகிறவள்.
வேறு காரணம் ஒன்றுமில்லை என்று
எனக்கே சொல்லிக்கொள்வேன்.

அந்த ஆண்டு ஒரு சாயங்காலம்
என் பக்கத்தில் ஒரு மொட்டைத்தலை வந்து நின்றது.
சானடோரியம் பக்கத்துப் பையன்.
மதியமெல்லாம் எங்கள் டயரைத் தள்ளினான்.
பெயர் கேஷா. கிர்கிஸ் ஒரு சொல் தெரியாது.
எல்லோரும் நிற்கிறார்களே என்று அவனும் நின்றான்.
எனக்குத் தெரியும்.
வாயைத் திறக்கவில்லை.

அத்தையின் கை அந்தத் தலைமேல் ஒரு நொடி தயங்கியது,
அறுவடை முடிந்த வயலைத் தடவியதுபோல.
பிறகு,
ஆறு ஜோடி, என்றாள்.
சாப்பிடப் போங்கள்.

வறுத்த செபாக் மீன், முள்ளோடு.
எண்ணெயில் பொரித்த போர்சோக்.
தர்பூசணி பன்னிரண்டு துண்டாயிற்று,
எல்லாத் துண்டும் சிறுத்துவிட்டதென்று
தாலாய் அழுதான்.
இருட்டிய பிறகு கரையோரம் ஒரு டார்ச் வெளிச்சம்,
ஒரு பெண்ணின் குரல், கேஷா, கேஷா.
அவன் விதைகளை ஒவ்வொன்றாகத் துப்பி முடித்துத்தான் எழுந்தான்.
நீலக்கோடு போட்ட நோயாளி அங்கி,
ஒரு காலில் மட்டும் செருப்பு.
திட்டவில்லை அவள்.
மொட்டைத்தலையில் கை வைத்தாள்.
ஒரே தலை.
அவளுக்கு எண்ணத் தேவையில்லை.

ஆறு ஜோடி என்பது
என் வாழ்வில் ஒருமுறைதான் நடந்தது.
எட்டு வயதுக்காரிக்கு அது எவ்வளவு பெரியது என்று
என் கணவரிடம் சொல்லிப் பார்த்தேன்.
தர்பூசணி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்.

இரண்டு கோடை கழித்து
ஜிகுலியை விற்ற பணத்தில் ஏதோ தகராறு.
அப்பாவின் பங்கா, சித்தப்பாவின் கடனா,
இன்றுவரை ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள்.
அவர்கள் நால்வரும் வரவில்லை.
எல்மிராவும் வரவில்லை.
டயரில் இடம் தாராளமாக இருந்தது.
அன்று யாரும் கூப்பிடாமலே
தண்ணீரைவிட்டு முதலில் வந்துவிட்டேன்,
போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டேன்.

அத்தை எண்ணினாள்.
மூன்று ஜோடி.
என் தலையில் கை வைத்தவள்
அடுத்த சொல்லைச் சொல்லவில்லை.
கை அங்கேயே கிடந்தது, கனமாக, மீன் வாடையோடு.
அடுப்பில் எண்ணெய் புகைகிறதென்று
யாரோ கத்தும்வரை.

படுக்கையில் தடவிப் பார்த்தேன்.
நெற்றி மயிரில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.
நகத்தால் எடுத்திருக்கலாம்.
காலையில் ஏரி எடுத்துக்கொள்ளட்டும் என்று
விட்டுவிட்டேன்.