நாலாவது நிமிடம்

கிம்பர்லி தெருவில்
பூட்டுக்கடைக்கு மேலே ஒரு மரமாடி.
ஆறு பெண்கள், ஆறு பாய்கள்.
ஏழாவதாக நான்,
பட்டர்வொர்த் துறைமுகத்துக் கிரேன்காரன்.
பன்னிரண்டு வருடம் கீழேயே பார்த்துக்
கழுத்து திரும்ப மறந்தவன்.

எதையும் செய்யாமல் கிடங்கள் என்கிறார் மிஸ் கோ,
பாதி மலாயில், பாதி கையசைவில்.
தமிழில் அதற்கு ஒரே சொல்: சும்மா.
அதற்கா மாதம் நூற்றிருபது வெள்ளி?

முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி,
தலையணைமேல் கவிழ்கிறேன்.
உறங்கும் அன்னமாம் இது.
தரைதட்டிய தோணி என்று
யாரும் சொல்லவில்லை, மரியாதைக்கு.
ஐந்து நிமிடம்.

முதல் நிமிடம் இடுப்பு முனகுகிறது.
இரண்டாவதில் கீழே யாரோ சாவி அராவுகிறார்கள்.
மூன்றாவதில் மோட்டார்க் கடன், ரோட் டெக்ஸ், மூக்கு நுனியில் அரிப்பு.
நாலாவதில்
தம்பி வருகிறான்.
அம்மாவின் சேமநிதியைப் பங்குபோட்ட அன்று
வாசலில் குனிந்து
ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறான்.
நான் சும்மா நிற்கிறேன்.
அதற்குமேல் காட்சி நகர்வதில்லை.
நானும் நகரக்கூடாது.

மூன்றாம் வகுப்பில்
முட்டிக்குள் ஊசியாய் ஒன்று இறங்கியது.
ஆம்பிளை. பல்லைக் கடித்தேன்.
இரண்டு வாரம் கிரேன் ஏணியில் நொண்டினேன்.
'மந்தமான வலி பேசும், இருந்து கேளுங்கள்.
கூர்மையான வலி கத்தும், எழுந்துவிடுங்கள்'
என்றார் மிஸ் கோ, கோபமாகவே.
எது பேச்சு, எது கத்தல் என்று
பாதி நாள் இன்னும் பிடிபடவில்லை.

தூக்கம் வருகிறது, அது உண்மை.
ஃபெரியில் மோட்டாரைப் பிடித்தபடியே
கழுத்தைத் திருப்பி
பின்னால் போகும் தீவைப் பார்க்க முடிகிறது.
கடன் அப்படியேதான்.

நேற்றிரவு காற்று.
நாற்பதடிப் பெட்டி கம்பியில் ஊசலாடியது.
முன்பென்றால் எதிர்ப்பக்கம் இழுத்து அடக்கியிருப்பேன்.
கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.
'அபாங், தூங்கிட்டீங்களா?'
வாக்கிடாக்கியில் ஹஃபீஸ்.
ஆட்டம் குறைந்தது, நிற்கவில்லை.
கடைசி ஓர் அங்குலத்தை
லாரிமேல் மெல்ல இறக்கினேன்.

விடிந்து இறங்கும்போது, ஏணியின் பாதியில்,
நினைவு வந்தது என்று சொல்ல முடியாது,
மறந்திருந்தால்தானே.
அந்தச் செருப்பு
பூந்தொட்டிக்குப் பின்னால் கிடந்தது.
எனக்கு அன்றே தெரியும்.