அரைப்பேர்

கலஹா சந்தியில் கெம்பஸ் மதிலை
ஒட்டிக் கிடக்கிற ஏழு கடைகளில்
நாலாவது, நவ்பர் நானாவின் போட்டோகொப்பிக் கடை.
நான் அதில் ஆறு வருசம்.
பக்கம் பத்து ரூபாய்.
இரண்டு பக்கமும் அடித்தால் பதினெட்டு.

பரீட்சைக்கு முந்தின வாரம்
மெஷின் மூடியைத் தொட்டால் சுடும்.
பக்கத்துக் கடையில் விமலரத்னவின் கொத்துத் தட்டு
இரவு பதினொன்று வரை ஓயாது.
அந்த முட்டை எங்கள் லயத்துக் கோழி போட்டது.
அந்தக் கறிவேப்பிலை புஷ்பகாந்தி வீட்டு வேலியில் ஒடித்தது.
கீழே எவனோ ஒரு பிள்ளைக்குப் பசிக்கிறது,
மேலே வெள்ளிக்கிழமைச் சீட்டுக்காசு
தவறாமல் கட்டப்படுகிறது.

ஹிந்தகலையில் சோமாவதி நோனா
மிளகுக் கொடியை வெட்டிவிட்டுப் போடிங் கட்டினார்.
வரிசையாய்ப் பன்னிரண்டு அறை,
ஒரே கூரை, ஒரே தண்ணிக் குழாய்.
கல் வைக்கப் போன அண்ணன்
நாடா பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தானாம்:
பத்துக்குப் பன்னிரண்டு.
"நோனா, இதுக்கு எங்க ஊர்ல லயம்னு பேரு."
அங்கே ஒரு கட்டிலுக்கு மாதம் ஒன்பதாயிரம்.
எங்கள் காம்பராவுக்கு வாடகை இல்லை,
விலாசமும் இல்லை.

போன மாசம், கண்ணாடி போட்ட ஒருத்தி
ஆய்வறிக்கை நாலு பிரதி கேட்டாள்.
அட்டவணை ஏழு: தோட்டக் குடும்பங்களின் வருமானம்.
இலக்கம் இருபத்து மூன்று: பெண், கொழுந்து பறித்தல்,
பிற வருமானம்: மகள், போட்டோகொப்பிக் கடை.
அம்மாவை இவள் எப்போது கண்டாள்?
மெஷின் வெளிச்சம்
நாலு தடவை அம்மாவின் மேல் ஓடிப் போனது.
அந்தப் பக்கத்தை மட்டும் ஐந்தாவதாய் அடித்து
மடித்து வைத்துக்கொண்டேன்.
என் கணக்கில் பத்து ரூபாய் எழுதினேன்.

இப்போது ஸ்ட்ரைக். பதினெட்டாம் நாள்.
கேட்டில் பூட்டு. கொத்துத் தட்டின் மேல் பூனை.
கண்டி பஸ் சந்தியில் நிற்பதுபோல் பாவனை செய்துவிட்டுப் போகிறது.
நோனா காயப்போட மிளகும் இல்லாமல்
முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்.
நானா கல்லாவை இரண்டு தரம் எண்ணினார்,
என் முகத்தைப் பார்க்காமல்
பாதிச் சம்பளத்தை நீட்டினார்.

கிலோ குறைந்த அன்று மலையில்
கணக்கப்பிள்ளை போடுவாரே, அது.

ராத்திரி, விலைபோகாத முட்டையெல்லாம்
சட்டியில் அவிந்தன.
ஆளுக்கு மூன்று.
தம்பிக்குப் பெருநாள்.
ஓட்டை உரித்தபடி அம்மா கேட்டாள்:
"கீழயுமாடி அரைப்பேரு?"