திருத்தச் சீட்டு

சென்னையிலிருந்து வந்த உறைக்குள்
விரல் அகலத்தில் இரண்டு சீட்டுகள்.
ஒன்று எங்களுக்கு. மற்றது உபரி.
குற்ற விசாரணை விதிப் புத்தகத்தில்
பழைய வரிகளின் மேல் ஒட்ட வேண்டும்.
விதி எண்ணைச் சொல்லமாட்டேன்,
சொன்னால் படிப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

மஞ்சக்குப்பம் கோர்ட்டில்
பதினாறு வருஷமாக பெஞ்ச் கிளார்க் நான்.
புத்தகம் என்னைவிட சீனியர்.
ஒட்டி ஒட்டி, பண்ருட்டிப் பலாவாய்ப் புடைத்து
மூட மறுக்கிறது.
தானே புயலில் நனைந்த பக்கங்கள்
இன்னும் அலையலையாய் நிற்கின்றன.

சட்டத்தை டெல்லியில் எழுதுகிறார்கள்.
எந்தத் தாள், எத்தனை நகல், எந்த முத்திரை,
யார் கையில், எத்தனை மணிக்குள்
என்பதை உயர்நீதிமன்றம் சொல்லும்.
ஆளை உள்ளே வைத்திருப்பது பெரும்பாலும்
இந்த இரண்டாவது எழுத்துதான்.

அக்கரைக்கோரி கஜபதி.
டீசல் கேன் திருட்டு. வெள்ளிக்கிழமை ஜாமீன்.
வீட்டு வரி ரசீது காட்டி
இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.
தபால் பை கேப்பர் மலை ஏறியபோது
சிறையில் எண்ணி முடித்துப் பூட்டிவிட்டார்கள்.
சனி. ஞாயிறு. பிறகு மூன்று நாள் பொங்கல்.
வியாழக்கிழமை உத்தரவு திரும்பி வந்தது:
பெயர் பொருந்தவில்லை.
அவர்கள் பதிவேட்டில் கெஜபதி.
நான் அடித்தது கஜபதி.
யானையின் பெயரில்
ஒரே ஒரு கொம்பு குறைந்திருந்தது, என் விரலால்.
எட்டு ராத்திரி.

அவன் மனைவி பூரணி
கோர்ட் பூட்டியிருந்த நாளிலும் வந்து நின்றாளாம்.
வாட்ச்மேன் சொன்னார்.
என்னைத் திட்டவில்லை.
"எங்க விதி" என்றாள்.
இல்லைம்மா, அது எங்க விதி, அச்சடித்தே வைத்திருக்கிறோம்
என்று நாக்கு வரைக்கும் வந்தது.
ஃபைலைக் கட்டினேன்.

இப்போது சீட்டு சொல்கிறது:
ஜாமீன் உத்தரவு அன்றே மின்னஞ்சலில் போக வேண்டும்.
ஆள் இன்னார் என்று தெரிந்தால்
எழுத்துப்பிழைக்காகத் திருப்பக்கூடாது.
வேறு மாவட்டத்தில் யாரோ ஒருவன்
சிறையிலிருந்து எழுதிய அஞ்சலட்டை
ஒரு நீதிபதியின் மேசையில் போய் நின்றதாம்.
அதில் எங்கும் கஜபதி இல்லை.
இருந்தும் அந்தக் கொம்பை ஒட்டுவதாகவே
நினைத்துக்கொண்டு ஒட்டினேன்.
கோந்தின் ஈரத்தில் பழைய வரி
மேலே மங்கலாகத் தெரிந்தது.
காய்ந்தால் மறையும்.
பஞ்சிங் மெஷினைப் பாரம் வைத்தேன்.

ஐந்தேகாலுக்கு மலையிலிருந்து போன்.
"மேடம், மெயில் வந்துச்சு.
நீங்க தேவராசுன்னு போட்டிருக்கீங்க,
இங்க தேவராஜ்."
புது விதியைப் படித்துக் காட்டினேன்.
மறுமுனையில் பக்கங்கள் புரண்டன.
வெகுநேரம் புரண்டன.
"எங்க புக்ல அப்படி ஒண்ணும் இல்லைங்களே."

ஆறு மணிக்குப் பூட்டுவார்கள்.
உபரிச் சீட்டைக் கைப்பையில் போட்டு
ஆட்டோ ஏறினேன்.
கெடிலம் பாலத்தில் நெரிசல்.
மூடி சரியாக இறுகாத கோந்து பாட்டிலை
நிமிர்த்திப் பிடித்தபடி
உட்கார்ந்திருக்கிறேன்.